தானாகப் போன பதில்

என் நண்பனின் தாய் நோயில் கிடந்தபோது நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டதாக அவனை நம்பவிட்டேன். பிறகு, அவர் சொல்லாத ஒரு வார்த்தையை அவர் சொன்னதாக அவனிடம் சொன்னேன். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இன்றுவரை அயல்நாட்டில் உழைத்துக்கொண்டிருக்கிறான்.

சொல்லிவிட்டேன்... ஆனால் ஒன்றும் இறங்கவில்லை. சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். யாருக்குக் குறைந்ததோ தெரியாது, எனக்குக் குறையவில்லை. ஆகவே முழுவதையும் சொல்கிறேன். நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நேரத்தை மிச்சப்படுத்த ஆசைப்பட்டேன்!

மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரியின் அலுவலகத்தில் எனக்குக் கணக்கு வேலை. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு முதலாளி ஒரு கணினி வாங்கிப் போட்டார். உப்புக் காற்றில் அதன் திருகாணிகள் துருவேறும். விசைப்பலகையில் சில எழுத்துகளை அழுத்தினால் திரும்ப எழாது, நகத்தால் நெம்ப வேண்டும். ஆனாலும் அதன்மேல் எனக்கு வந்த பித்து இருக்கிறதே... புது மாப்பிள்ளைக்குக்கூட அப்படி வந்திருக்காது!

கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வரும் குறுந்தகட்டுக்காகப் பாண்டிச்சேரி வரை பஸ்ஸில் போவேன். அதில் எத்தனை மென்பொருள்கள்! இரண்டெழுத்து அடித்தால் ஒரு கடைக்காரரின் முழு முகவரியையும் தானே எழுதித் தரும் ஒன்று. திரையில் மஞ்சள் சீட்டு ஒட்டிவைக்க ஒன்று. செய்ய வேண்டிய வேலைகளை எழுதி, முடித்ததும் டிக் போட ஒன்று. குறித்த நேரத்தில் மணியடித்து, சிறு பெட்டியாக எழும்பி நினைவூட்ட ஒன்று. யாராவது அழைப்பு அனுப்பினால்தான் சேர முடியும் என்றிருந்த ஒரு புது மின்னஞ்சலுக்காக, முகம் தெரியாத யாரோ ஒருவரிடம் கெஞ்சி அழைப்பு வாங்கினேன். வாங்கிவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்தாய் என்கிறீர்களா? இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்க வேறு மென்பொருள் தேடினேன். அதுவும் கிடைத்துவிட்டால் திரையில் சீட்டாடினேன்.

"டேய், வேலைய செய்யறதுக்கு முன்னால அத எழுதி வைக்கறதுக்கே உனக்கு ஒரு நாள் போவுது" என்று அன்வர் கேலி செய்வான்.

அன்வர்தான் அந்த நண்பன். பள்ளியில் ஒரே பெஞ்சு. தகப்பன் இல்லாத வீடு. அம்மா, தங்கை ஷகிலா, அவன். ஷகிலாவை அடுத்த தெருவிலேயே கட்டிக்கொடுத்துவிட்டு, வளைகுடாவில் ஒரு கிடங்கு வேலைக்குக் கிளம்பினான். கிளம்புவதற்கு முன் என் கணினியில்தான் அவனுக்கு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிக் கொடுத்தேன். கடவுச்சொல்லாக அம்மாவின் பெயரை வைத்தான். ரகசியமாக வைத்துக்கொள்ளடா என்று சொல்லச் சொல்ல, ஒவ்வோர் எழுத்தையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தான்.

அந்த ஆண்டு முடியும் தறுவாயில் கடல் ஊருக்குள் வந்தது. அன்வரின் வீடு கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்ததால் அவன் வீட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவனுக்கு அது தெரிய வேண்டுமே! தொலைபேசியில் யாரும் கிடைக்கவில்லை. எங்கள் அலுவலக இணைப்பு உயிர் பெற்றதும் பார்த்தேன்: அவனிடமிருந்து மடலுக்குமேல் மடல். ஒவ்வொன்றுக்கும் என் கையால் பதில் அடித்தேன். அவன் வீட்டுக்கு ஓடிப்போய், அவன் அம்மாவைப் பேசச் சொல்லிக் கேட்டு, அதை அப்படியே எழுதினேன். அன்றைக்கு நான் நல்லவனாகத்தான் இருந்தேன்... நம்புங்கள்!

ஆனால் அவன் பயம் அதோடு அடங்கவில்லை. எங்கேயாவது நிலநடுக்கம் என்று செய்தியில் காட்டினால் போதும், "மச்சான், கடல் எப்பிடி இருக்குது? அம்மா எப்பிடி இருக்காங்க?" புயல் என்றால் அதே கேள்வி. மேகம் கறுத்தால் அதே கேள்வி. இடையிடையே பூப்படங்கள், துணுக்குகள், பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லும் பிரார்த்தனைகள். நானும் ஒரே பதிலைத்தான் எழுதினேன். எழுதி எழுதிச் சலித்தேன்.

சலித்ததுதான் தவறா? இல்லை. சலிப்பு யாருக்கு இல்லை? அடுத்து நான் செய்ததுதான் தவறு.

மின்னஞ்சல்களை இறக்கித் தரும் மென்பொருளில் 'விதிகள்' என்றொரு பகுதி உண்டு. இன்னாரிடமிருந்து மடல் வந்தால் இன்னது செய் என்று ஆணையிடலாம். அன்வரின் மடல்கள் எல்லாம் ஃபோல்டர் என்கிற ஒரு தனி அறைக்குப் போய்ச் சேரட்டும், உடனே அவனுக்கு இந்தப் பதில் போகட்டும் என்று விதி செய்தேன்:

"மச்சான், மெயில் கிடைச்சிது. இங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒண்ணும் கவலப்படாத. நான் பாத்துக்கறேன்."

முடித்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தை எப்படிச் சொல்வேன்! காலையில் இணைப்பைப் போடுவேன். அவனுடைய மடல்கள் வந்து இறங்கும். நான் டீ குடித்து முடிப்பதற்குள் பதில்களும் போய்விடும். எனக்கும் வேலை மிச்சம், அவனுக்கும் நிம்மதி மிச்சம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். முதலில் சில நாள் அந்த அறையைத் திறந்து படித்தேன். பிறகு வாரத்துக்கொருமுறை. பிறகு... அதுவும் இல்லை.

ஒருமுறை தொலைபேசியில் பேசியபோது, "இன்னாடா, எப்பவும் ஒரே டயலாக்கே எழுதற?" என்று சிரித்தான். "நீ ஒரே கேள்வியே கேக்கறியேடா" என்று நானும் சிரித்தேன். முன்பும் நான் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதால் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

மறு ஆண்டு ஆவணியில் ஒருநாள், அலுவலக வாசலில் லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. எதிரே பஸ் நிறுத்தத்தில் அன்வரின் அம்மா நின்றிருந்தார். பாண்டிச்சேரி பஸ்ஸுக்காக. ஷகிலா தோளைப் பிடித்திருந்தாள். அவருடைய பாதங்கள் ரப்பர் செருப்புக்கு மேல் வீங்கிப் பிதுங்கியிருந்தன. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். நடுவில் சாலைதான். கடந்து போயிருக்கலாம்... பஸ் வந்துவிட்டது.

உள்ளே வந்து என்ன செய்தேன் தெரியுமா? நினைவூட்டும் மென்பொருளைத் திறந்தேன். 'அன்வர் அம்மா: போய்ப் பார்' என்று தட்டினேன். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் மணியடிக்கும்படி வைத்தேன். வைத்து முடித்ததும் மனம் எவ்வளவு லேசாயிற்று! நேரில் போய் நலம் விசாரித்துவிட்டு வந்தவனைப் போல நிம்மதியாக உட்கார்ந்து சீட்டாடினேன்.

வெள்ளிக்கிழமை பெட்டி எழும்பியது. அதில் இரண்டு பொத்தான்கள்: 'முடிந்தது', 'பிறகு'. 'முடிந்தது' என்று பொய்யாக அழுத்த எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு யோக்கியன்! 'பிறகு' என்பதை அழுத்தினேன். அடுத்த வெள்ளியும் அதையே. அவர் வீட்டுக்கு சைக்கிளில் போனால் வியர்ப்பதற்குள் போய்ச் சேரலாம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உப்புப் பாத்திகள் எல்லாம் மூழ்கி ஏரியாகிவிட்டன. மழைக் காலத்தில் எங்கள் தொழிலுக்கு வேலையே கிடையாது. மூட்டை இல்லை, லாரி இல்லை, முதலாளியும் வரமாட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால்... வேலை மிகுதி என்று சாக்குச் சொல்லக்கூட எனக்கு வழியில்லை என்பதற்காகத்தான். அதே காலத்தில் நோன்பும் வந்தது. ஆண்டுதோறும் அன்வரின் அம்மா எனக்கென்று ஒரு தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். அந்த ஆண்டு வரவில்லை. மழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெருநாள் கழிந்து ஒரு முற்பகல், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அன்வரின் தாயார் மவுத்தாகிவிட்டார், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று. நான் திரையில் சிவப்புச் சீட்டின் மேல் கறுப்புச் சீட்டை வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வழக்கத்தில் இறந்தவரைக் காக்கவைக்கக் கூடாது. கடல் கடந்திருக்கும் மகன் விமானம் பிடித்து வரும்வரை வைத்திருப்பது என்ற பேச்சே இல்லை. ஷகிலாவின் கணவர் செல்ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நிறுத்தாதீங்க... அடக்கம் பண்ணிடுங்க" என்று அன்வர் அதில் சொல்வது எனக்கும் கேட்டது. பிறகு என்னைக் கேட்டானாம். போனை வாங்கினேன்.

"செல்வம், நீ கூடவே இருந்து பாத்துக்கடா."

"பாத்துக்கறேன் மச்சான்" என்றேன்.

கபரஸ்தானில் எல்லோரும் மும்முறை மண் அள்ளிப் போட்டார்கள். "அன்வருக்காக நீ போடுப்பா" என்று ஒரு பெரியவர் என்னை முன்னால் தள்ளினார். மழையில் ஊறிய மண். அள்ளிப் போட்டேன். அப்போதுகூட எனக்கு முழுவதும் தெரியாது.

மறுநாள்தான் தெரிந்தது. அவனுக்கு ஆறுதலாக நாலு வரி எழுதலாம் என்று அந்த அறையைத் திறந்தேன். படிக்காத மடல்கள் தடித்த எழுத்தில் வரிசையாக நின்றன. பூப்படங்களுக்கும் துணுக்குகளுக்கும் நடுவே ஒன்று.

"மச்சான், அம்மா கொரலு சரியா இல்லடா. நாலு வார்த்த பேசறதுக்குள்ள மூச்சு வாங்குது. ஷகிலாவ கேட்டா சளின்றா. வெளிநாட்ல இருக்கறவனுக்கு வீட்ல யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க. நீ போயி உன் கண்ணால பாத்துட்டு சொல்லு. இங்க லீவு சொல்லி வச்சிருக்கேன். நீ வான்னா உடனே வந்துடுவேன்."

அதற்கு என் பெயரில் பதில் போயிருந்தது. இங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒண்ணும் கவலப்படாத!

அவனுடைய அடுத்த மடல்: "போயி பாத்தியாடா?" அதற்கும் அதே பதில்.

அதற்கடுத்தது: "அல்ஹம்துலில்லாஹ். நீ பாத்துட்டு சொன்னா அது போதும் மச்சான். இப்பதான் சோறு எறங்குது. லீவு வேணாம்னு சொல்லிட்டேன்."

அதற்கும் போயிருந்தது. நான் பாத்துக்கறேன்.

எழுந்து வெளியே வந்து, சாலையோரம் நின்று வாந்தி எடுத்தேன். டீக்கடைக்காரர், "இன்னா தம்பி, வயிறு சரியில்லயா?" என்று தண்ணீர் கொடுத்தார். சோடாவும் உடைத்துக் கொடுத்தார்.

அன்றைக்கே அவனை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. நேரில் வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்வோம் என்று ஒத்திப் போட்டேன். ஒத்திப் போடுவது எனக்குக் கைவந்த கலை அல்லவா?

அடுத்த கோடையில் வந்தான். பாத்திகளில் உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்திருந்த நேரம். அம்மாவின் கபருக்குப் போய்விட்டு நேரே என்னிடம் வந்தான். இருவரும் உப்பளத்து வரப்பில் நடந்து போய் உட்கார்ந்தோம். இளைத்திருந்தான். உதடு வெடித்திருந்தது.

"நான் திரும்பிப் போவல செல்வம். இங்கயே ஒரு செல்ஃபோன் கடை போட்டுக்கலாம்னு இருக்கேன். போதும்டா."

நல்லது என்றேன். அவன் உப்பைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"உம்மேல எனக்கு ரொம்ப கோவம்டா. நீ கூட மறைச்சிட்டியேன்னு. அப்பறம் ரூம்ல படுத்து யோசிச்சேன். அம்மா உங்கிட்ட சத்தியம் வாங்கியிருப்பாங்க, அவங்கிட்ட சொல்லிடாதப்பான்னு. அப்பிடித்தானே?"

இதோ... இந்த இடம்தான்! செய்யாத குற்றத்துக்கு என்னை மன்னித்துக்கொண்டிருந்தான். செய்த குற்றம் அவனுக்குத் தெரியவே தெரியாது. "இல்லடா, நான் போகவே இல்ல" என்று நாலு சொல்... என் தலை அதற்குள் ஆம் என்று அசைந்துவிட்டது.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "கடசியா பாத்தப்ப இன்னாடா சொன்னாங்க?"

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள். நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கேள்வியே உங்களுக்கு வந்திருக்காது.

நான் சொன்னேன். தயங்காமல் சொன்னேன். அந்த மென்பொருளைப் போலவே, கேள்வி வந்த உடனே பதில் என் வாயிலிருந்து போய்விட்டது.

"'எம்புள்ள அங்கயே நல்லா இருக்கட்டும்ப்பா. என்ன நெனச்சி பாதியில வுட்டுட்டு வந்துடப் போறான், வேணாம்னு சொல்லு'ன்னாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? வரவில்லையே என்று அவன் தன்னை நொந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. அப்படித்தான் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் சந்தேகமாக இருக்கிறது. அம்மாவே வர வேண்டாம் என்றார் என்றால், அவனை வரவிடாமல் செய்தவன் தப்பித்துக்கொள்கிறான் அல்லவா?

அவன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். விடுமுறை முடிந்ததும் கிளம்பிவிட்டான். "அம்மா ஆசை அதுதான்னா, நான் இங்க ஒக்காந்துகிட்டு இன்னா பண்ணப் போறேன்" என்றான். செல்ஃபோன் கடைப் பேச்சு அதோடு நின்றது.

அவன் போன சில நாளில் ஷகிலா அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"செல்வம்ண்ணா, எங்கம்மாவ நீங்க எப்ப வந்து பாத்தீங்க?"

நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தானே ராப்பகலா கூட இருந்தேன். நீங்க வர்லயே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், இலையைத் தூக்கிப் பார்க்க ஒருத்தி வந்துவிட்டாள் என்று நடுங்கினேன். கத்துவாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். துப்பியிருக்கலாம்!

"அம்மா கடசி மட்டும் 'அவன வரச் சொல்லு, அவன வரச் சொல்லு'ன்னுதாண்ணா கெடந்தாங்க. நான்தான் அவனுக்கு சொல்லல, அம்மாகிட்ட போனயும் குடுக்கல. வேல போயிடும்னு பயந்துட்டேன். இப்ப நீங்க சொன்னத நம்பிக்கிட்டு போயிருக்கான். அம்மா கூப்பிட்டது தெரிஞ்சா தாங்க மாட்டான். நீங்களும் சொல்லிடாதீங்க. நானும் சொல்லல."

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதன்பிறகு தெருவில் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வோம், பேசமாட்டோம்.

அந்த விதியை, மடல்களைப் படித்த அன்றே அழித்திருந்தேன். நினைவூட்டலை மட்டும் அழிக்கவில்லை. கணினி மாறியது, கைபேசிகள் மாறின. ஒவ்வொன்றிலும் அதை ஏற்றி வைத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை மணியடிக்கிறது: 'அன்வர் அம்மா: போய்ப் பார்.' என் மனைவி அது என்ன என்று ஒருமுறை கேட்டாள். பழைய வேலை ஒன்று என்றேன். 'பிறகு' என்பதை அழுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அன்வருக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவியும் மகனும் இங்கே, அவன் அங்கே. இரண்டாண்டுக்கு ஒருமுறை வருவான். ஒவ்வொரு முறையும் போகும்போது, "அம்மா சொன்ன வார்த்த" என்பான். நரைத்துவிட்டது. முதுகில் வலி என்கிறான். போதும் வந்துவிடு என்று சொல்ல வாய் வருகிறது... எந்த வாயால் சொல்வேன்?

முந்தாநாள் அவனிடமிருந்து ஒரு செய்தி.

"மச்சான், பையன் டிப்ளமா முடிச்சிட்டான். ஊர்லயே வேல தேடறேன்றான். நான் இங்க கூப்பிட்டுக்கலாம்னு பாக்கறேன். எங்கம்மா சொன்னத சொன்னா நம்ப மாட்டேன்றான். நேர்ல கேட்டவன் நீதானே. உன்ன பாக்க வருவான், நீயே சொல்லு."

செய்தியின் அடியில் கைபேசி தானாகவே மூன்று பதில்களை எடுத்து நீட்டியது. எதையும் தொடாமல் கவிழ்த்து வைத்தேன்.

நேற்று மாலை பையன் வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். அப்பனைவிட உயரம். கண்கள் மட்டும் அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் கையை உயர்த்தினாரே, அவருடைய கண்கள்.

"மாமா, எனக்கு இங்கயே இருக்கணும்னுதான் இருக்குது. ஆனா அத்தா அவங்கம்மா பேர சொல்லி அங்க கூப்பிடறாரு. ஆயா இன்னாதான் சொன்னாங்க? நீங்க சொன்னா நான் போறேன்."

தொண்டை வரை வந்தது... உண்மைதான் வந்தது, சத்தியமாக! அதைச் சொன்னால் அவன் தப்பிப்பான். அங்கே அவன் அப்பன் செத்துப்போவான்.

"நாளைக்கு வாப்பா, சொல்றேன்" என்றேன்.

சரி மாமா என்று எழுந்து போனான். இன்று இதே நேரத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.